எழுந்திருக்கச் சொன்னது யார்?

பாதுகாப்பு அலுவலராகப் பணியேற்று ஓராண்டு நிறைந்த இளைஞர் ஒருவர் சென்ற மாதம் எனக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தார். அவருடைய பட்டாசுத் தொழிற்சாலையில் இப்போது பெண் போர்மேன்களும் இருக்கிறார்கள். அபாயம் என்று தோன்றினால் ஓர் அறையை மூடவும், உள்ளே இருப்பவர்களை வெளியேற்றவும் ஆண்களுக்கு உள்ள அதே அதிகாரம் அவர்களுக்கும் உண்டு. நியமன ஆணையிலேயே அது அச்சாகியிருக்கிறது. ஆனால் பதிவேட்டைப் புரட்டினால், ஓராண்டில் ஒரு பெண்ணின் பெயரில்கூட ஓர் அறை மூடப்பட்டதாகப் பதிவு இல்லை. இதை நல்ல அறிகுறியாகக் கொள்வதா, கெட்ட அறிகுறியாகக் கொள்வதா என்று கேட்டிருந்தார்.

அவருக்கு எழுதும் விடையை, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் அனைவருக்குமாக எழுதுகிறேன். பதிவேட்டில் இல்லாத ஒன்றைக் கவனிக்கத் தெரிந்தவர் அவர். அந்த வயதில் எனக்கு அது தெரியாது. வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவன் நான். எழுதப்பட்டிருப்பதை நம்பிப் பழகியவன்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடைப்பட்ட ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தேன். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போர்மேன்கள் அத்தனை பேரும் ஆண்கள். இது மாற வேண்டும் என்று முதலாளிக்குக் குறிப்பு எழுதினேன். வணிகக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த அவர் எந்தச் செய்தியையும் இரண்டு முறை கேட்டுக்கொள்வார். இரண்டாம் முறை கேட்டபின் சம்மதித்தார். அச்சங்குளத்திலிருந்து கம்பெனி வேனில் வந்துகொண்டிருந்த மாரீஸ்வரி தேர்வானார். வெடிக்கலவையை நாங்கள் மருந்து என்போம். அந்த மருந்தைச் செலுத்தும் அறையில் இருபது ஆண்டுகள் உட்கார்ந்தவர் அவர். பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். அவருடைய தெருவிலிருந்து ஒருவர் போர்மேன் ஆனது அதுவே முதல் முறை.

பயிற்சிக்கு அனுப்பினோம், சான்றிதழ் வந்தது. அலுவலக அறையில் மற்ற போர்மேன்களுக்கு இருந்ததைப் போன்ற நாற்காலி ஒன்று போட்டோம். வாரந்தோறும் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில் அவரும் உட்கார்ந்தார், குறிப்பேட்டில் கையெழுத்திட்டார். எனக்கு நிறைவாக இருந்தது. ஒருவரை உள்ளே சேர்த்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணியிருந்தேன்.

இங்கே ஒரு டீக்கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீடியும் தீப்பெட்டியும் எங்கள் வாசலில் நடக்கும் சோதனையைத் தாண்டி உள்ளே வர முடியாது. ஆகவே முற்பகல் பத்தரை மணிக்குப் போர்மேன்கள் வெளியே நடந்து, சாலைக்கு அப்பால் இருந்த டீக்கடையில் புகைத்துவிட்டு வருவார்கள். எந்த அறையில் யாரை உட்கார வைப்பது, எந்த ஆர்டருக்கு முதலில் லோடு ஏற்றுவது என்பதெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வாரக் கூட்டத்தில் அவற்றை எழுதிக்கொள்வோம். புகைக்கும் பழக்கம் இல்லாத நானும் போவேன்; தொழிற்சாலையில் நடப்பது முழுவதும் அங்கே போனால்தான் தெரியும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். மாரீஸ்வரி ஒருநாளும் அங்கே வந்ததில்லை. ஏன் வரவில்லை என்று நான் யோசித்ததும் இல்லை.

புரட்டாசி முதல் வாரத்தில், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு நாள். விடியற்காலையில் சிறு மழை பெய்து ஓய்ந்திருந்தது. காலைச் சுற்றின்போது, காலியாக இருந்த பதினோராம் அறையின் மூலையில் கூரை ஒழுகியிருப்பதை மாரீஸ்வரி பார்த்தார். அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் தானாகவே சூடேறும். பிறகு தீப்பொறி தேவையில்லை. அவர் அறையை மூடினார், பதிவேட்டில் எழுதினார், பதிவேட்டை என் மேசையில் வைத்துவிட்டுத் தொழிற்சாலையின் மறுகோடிக்குப் போனார்.

பத்தரை மணிக்கு டீக்கடையில் பெரிய போர்மேன் குருசாமி பேச்சை எடுத்தார். ஐம்பதைக் கடந்தவர், குரலை உயர்த்தாதவர், அங்கே வேலை செய்த பெண்கள் அனைவருக்கும் அண்ணன். மாலைக்குள் ஒரு லோடு போயாக வேண்டும். ஆள் இருக்கிறது, அறை போதவில்லை. “பதினொண்ணு சும்மாதான கெடக்கு. வெயிலும் வந்துருச்சு. நாலு பேர அங்கன உக்கார வச்சிருவோம்” என்றார். அது ஏன் சும்மா கிடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பதிவேடு என் மேசையில் திறக்கப்படாமல் கிடந்தது.

பன்னிரண்டு மணிவாக்கில் பதினோராம் அறை வெடித்தது. நான் ஓடிச் சேர்ந்தபோது கூரை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. அங்கே அமர்த்தப்பட்ட நான்கு பெண்களும் தொலைவில், வேலி ஓரத்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். ஒருவர் உடம்பிலும் கீறல் இல்லை. வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு வெளியேறியிருந்தார்கள். “குருசாமி அண்ணன்தான் காப்பாத்துனாக சார். எந்திரிச்சுப் போகச் சொன்னாக. அவுக புள்ளகுட்டியெல்லாம் நல்லாருக்கணும்” என்று நால்வரும் மாறி மாறிச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் தொழிலாளர்கள் அனைவரும் பார்க்க முதலாளி குருசாமிக்குப் பொன்னாடை போர்த்தினார். இரண்டாம் வரிசையில் நின்று மாரீஸ்வரியும் கைதட்டினார். அது எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் காலை குருசாமி என் அறைக்கு வந்தார். கையில் துணிக்கடைப் பை. அதற்குள் அந்தப் பொன்னாடை. “சார், ஒண்ணு கேக்கணும். நான் யாரையும் எந்திரிக்கச் சொல்லலையே. அந்நேரம் லோடு வண்டிகிட்ட நின்னேன். சொன்னது யாரு?” என்றார். பிறகு எதற்காகப் பொன்னாடையை வாங்கிக்கொண்டார் என்று கேட்டேன். “கழுத்துல போட்டுட்டாக. அம்புட்டுப் பேரு முன்னால முதலாளி கையத் தட்டியா விடுறது?” என்றார்.

அவர் கேட்ட கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஓர் உத்தரவு வேலை செய்திருக்கிறது, நான்கு உயிர்கள் தப்பியிருக்கின்றன. உத்தரவிட்டவரோ தான் உத்தரவே இடவில்லை என்கிறார். நால்வரையும் தனித்தனியே அழைத்துக் கேட்டேன். நால்வரும் ஒரே விடை சொன்னார்கள்: அண்ணன் சொன்னார். அண்ணனை நேரில் பார்த்தீர்களா என்று கேட்டபோதுதான் விடை மாறியது. நால்வரில் மூத்தவர் சற்றுக் கூச்சத்துடன் சொன்னார்:

“மாரீஸ்வரி வந்து எந்திரிங்கன்னுச்சு சார். உக்காரச் சொன்னது அண்ணன், அவுக வந்து சொல்லட்டும் எந்திரிக்கிறோம்னேன். ஆர்டர் நேரத்துல இது வேறயான்னு சடச்சுக்கிட்டேன். வாசல் வரைக்கும் போச்சு. திரும்பி வந்து, அண்ணன் சொல்லிட்டாக, எல்லாரும் எந்திரிக்கணுமாம்னுச்சு. எந்திரிச்சுட்டோம்.”

எங்கள் அறைகள் சிறியவை. மருந்துப் பாத்திரத்துக்கும் வாசலுக்கும் இடையே நான்கு அடி இருக்கலாம். அந்த நான்கு அடியைப் போய்த் திரும்புவதற்குள் மாரீஸ்வரி எடுத்த முடிவைப் பற்றி நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன்.

மாரீஸ்வரியை அழைத்தேன். வந்ததும் அவர் கேட்டது, “போர்மேன் வேலையிலருந்து எடுத்துருவாகளா சார்?” என்பதுதான். மேலதிகாரி சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னது விதிப்படி குற்றம். அது அவருக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகே நடந்ததைச் சொன்னார். மறுகோடியிலிருந்து திரும்பும் வழியில் பதினோராம் அறையின் கதவுகள் திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே போயிருக்கிறார். மருந்திலிருந்து மூத்திர வாடை அடித்திருக்கிறது. ஈரம் பட்ட மருந்து கெடத் தொடங்கும்போது அம்மோனியா வெளிவரும் என்று நான் படித்திருக்கிறேன், அவர் முகர்ந்திருக்கிறார்.

“எம் பேரச் சொல்லி அவுகள எந்திரிக்க வைக்க நேரமாகும். அண்ணன் பேரச் சொன்னா ஒடனே எந்திரிப்பாக. மருந்து காத்துக்கிட்டு இருக்குமா சார்?”

இப்படிச் செய்தது முதல் தடவையா என்று கேட்டேன். “ஆளில்லாத ரூம எம் பேருல மூடுவேன் சார். ஆள் உக்காந்திருந்தா அண்ணன் பேரு” என்றார். ஆபத்து என்று தோன்றும் அறையைப் பற்றிக் குருசாமியிடமோ மற்றொருவரிடமோ சொல்வாராம்; அவர்கள் வந்து நிறுத்திவிட்டுத் தங்கள் பெயரில் எழுதிக்கொள்வார்களாம். அவர்கள் அருகில் இல்லாதபோது அவர்களுடைய பெயர் போதுமாம். பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஓராண்டாக நான் குருசாமியின் விழிப்புணர்வு என்று வியந்து பாராட்டிய பதிவுகளில் பாதிக்கு மேல் மாரீஸ்வரியின் மூக்கும் கண்ணும் செய்தவை.

உண்மையை முதலாளியிடம் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார். “இப்படியே இருக்கட்டும் சார். அண்ணன் பேரு கெட்டுப்போச்சுன்னா அடுத்த தடவ யாரு பேரச் சொல்லி எந்திரிக்க வைப்பேன்?”

நாற்காலி, சான்றிதழ், கையெழுத்து இவ்வளவையும் கொடுத்திருந்தேன். நான்கு பேரை எழுப்பும் அளவுக்கு அவற்றுக்கு எடை இருக்கவில்லை; அந்த எடையை அவர் இன்னொருவரிடமிருந்து இரவல் வாங்கிக்கொண்டிருந்தார். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். உண்மை வெளிவந்தால் டீக்கடையில் நான் தலையசைத்ததும் வெளிவரும். அவர் வேண்டாம் என்றபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

முதலில் செய்தது அறிவீனம். டீக்கடைக்கு நீங்களும் வாருங்கள் என்று அவரை அழைத்தேன். முதல் நாள் அவர் வந்ததும் பீடிகள் செருப்படியில் நசுங்கின. எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். கடைக்காரர் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சாலையில் போன பேருந்தின் ஜன்னல்கள் முழுக்க அந்த ஸ்டூலைப் பார்த்தன. இரண்டாம் நாள் போர்மேன்கள் இருவர் கடைக்குப் பின்புறம் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் மாரீஸ்வரி என்னிடம் சொன்னார்: “நான் அங்கன வந்தா பேச்சு வேற எடத்துக்குப் போயிருது சார். நான் எத்தன கடைக்குத்தான் போறது?”

அதன் பிறகு ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொள்ளத் தொடங்கினேன். ஒவ்வொரு முடிவும் முதன்முதலில் எந்த இடத்தில், யார் வாயிலிருந்து வந்தது என்பது மட்டும். ஆராய்ச்சி மாணவனாக இருந்த நாட்களுக்குப் பிறகு எதையும் அவ்வளவு ஆவலுடன் நான் பின்தொடர்ந்ததில்லை. மாரீஸ்வரி கையெழுத்திட்ட வாரக் கூட்டத்தில் ஒரு முடிவுகூடப் பிறக்கவில்லை. அங்கே அவை படித்துக் காட்டப்பட்டன. அவர் எல்லாக் கூட்டத்திலும் இருந்தார் என்று நான் மேலிடத்துக்கு எழுதியது முழுக்க உண்மை.

நோட்டை அவரிடமே காட்டி, என்ன செய்யலாம் என்று கேட்டேன். அதுவரை அவரிடம் நான் அப்படிக் கேட்டதில்லை. ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். பிறகு வந்து இரண்டு சொன்னார். “மூடுனவுகதான் தெறக்கணும். அதை மொதல்ல எழுத்துல கொண்டாங்க.” இரண்டாவது: “நடந்ததச் சொல்றதா இருந்தா அண்ணன் வாயால சொல்லட்டும். நீங்க சொன்னா, சார் தூக்கி விடுறாகன்னுதான் பேசுவாக.”

யார் மூடினாரோ அவரே வந்து பார்த்துத் திறக்க வேண்டும்; அதுவரை முதலாளி உட்பட யாரும் ஆளை உட்கார வைக்கக் கூடாது; டீக்கடையில் பேசியது எதுவும் அறை வாசலில் எல்லாப் போர்மேன்களும் நின்று பேசும் வரை முடிவாகாது. இவ்வளவுதான் விதி. முதலாளி இரண்டு முறை படித்துக் கையெழுத்திட்டார். குருசாமியிடம் எல்லாவற்றையும் நான் சொன்னபோது அவர் துணிக்கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை, சோதனைக்காகப் பெண்கள் வரிசையில் நின்றபோது குருசாமி முன்னால் வந்து நின்றார். வழக்கம்போலக் குரலை உயர்த்தவில்லை.

“அன்னைக்குப் பதினொண்ணுல எந்திரிக்கச் சொன்னது நான் இல்ல. உக்காரச் சொன்னதுதான் நான். எந்திரிக்கச் சொன்னது மாரீஸ்வரி.”

நால்வரில் மூத்தவர் மாரீஸ்வரியைத் திரும்பிப் பார்த்து, “அப்ப ஏண்டி எங்ககிட்டப் பொய் சொன்ன?” என்றார்.

“நெசத்தச் சொன்னப்ப நீ எந்திரிக்கலையே அத்தை” என்றார் மாரீஸ்வரி.

யாரோ சிரித்தார்கள், பிறகு பலர் சிரித்தார்கள். மூத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அடுத்து நான் முன்னே போய், உட்கார வைக்கலாம் என்று தலையசைத்தவன் நான்தான் என்று சொன்னேன். அன்று பிற்பகல் முதலாளி அதையும் என்னிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

ஐப்பசி தொடக்கத்தில், அனுப்ப வேண்டிய கடைசி லோடுக்கு முதல் நாள், மாரீஸ்வரி இரண்டு அறைகளை மூடினார். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். அவருடைய பெயரைக் கேட்டே எழுந்து வந்தார்கள். முதலாளி காரில் வந்து இறங்கி, திறக்கும்படி என்னிடம் சொன்னார். என்னால் முடியாது, மூடியவர் அதோ நிற்கிறார் என்றேன். திரும்பவும் சொன்னார், திரும்பவும் அதையே சொன்னேன். நான் வேலையை இழக்கலாம் என்று தோன்றியது. இழந்தால் மாரீஸ்வரியின் நாற்காலியும் அன்றே போய்விடும் என்றும் தோன்றியது. முதலாளி அவரிடம் நடந்து போனார். மாரீஸ்வரி சொன்னது எனக்குக் கேட்டது: “சுவரு காயணும் முதலாளி. நாளைக்குச் சாயங்காலம் வந்து பாக்குறேன். காஞ்சிருந்தா நானே தெறக்குறேன்.” முதலாளி குருசாமியைப் பார்த்தார். குருசாமி தரையைப் பார்த்தார். கார் திரும்பிப் போனது. லோடு ஒருநாள் தாமதமாகப் போனது.

அந்த இரண்டு அறைகளும் வெடிக்கவில்லை. ஆகவே மாரீஸ்வரி செய்தது சரி என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. அந்தச் சான்றைத் தேடாதீர்கள் என்பதே உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது. குருசாமி மூடிய அறைகளில் வெடிக்காதவை எத்தனை என்று முப்பது ஆண்டுகளில் ஒருவரும் கேட்டதில்லை.

கேள்வி எழுப்பிய இளைஞருக்கு: உங்கள் பெண் போர்மேன்கள் அறைகளை மூடியிருக்கவே கூடும். ஆண்களின் பெயரில் உள்ள பதிவுகளை எடுத்துக்கொண்டு, முதலில் சொன்னது யார் என்று விசாரியுங்கள். தெரிந்ததும், அவர்களை அழைத்துப் பாராட்டுவதற்கு முன், அவர்கள் யாருடைய பெயரை நம்பிப் பிழைப்பு நடத்துகிறார்கள் என்றும், அதை நீங்கள் உடைத்தால் மறுநாள் அவர்கள் கையில் என்ன இருக்கும் என்றும் அவர்களிடமே கேளுங்கள்.

இதோடு நிறுத்தியிருப்பேன். கற்றுக்கொண்டவன் என்ற தோரணையில் நான் எழுதியிருப்பதாக உங்களுக்குத் தோன்றினால் அது பிழையாகிவிடும் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன்.

சென்ற தை மாதம் என் மனைவி காலமானார். கணித ஆசிரியையாக இருந்தவர். துட்டி கேட்க மாரீஸ்வரி விருதுநகரில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். கடைசியில் எப்படி இருந்தது சார் என்று கேட்டார். மற்றவர்களிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன். இரண்டாவது அறுவைச் சிகிச்சை செய்யலாமா, வீட்டுக்கு அழைத்துப் போகலாமா என்பதை மருத்துவரும் என் மகனும் நானும் மருத்துவமனை அறைக்கு வெளியே, நடைபாதையில் நின்று பேசி, அறுவைச் சிகிச்சை என்று முடிவு செய்தோம். பிறகு உள்ளே போய் அவரிடம் சொன்னோம். அவர் எங்கள் மூவரின் முகத்தையும் பார்த்தார். சரி என்றார். படிவத்தை வாங்கிக் கையெழுத்திட்டார். வீடு திரும்பவில்லை.

மாரீஸ்வரி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “டீச்சரம்மாகிட்ட மொதல்லயே கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாக சார்?” என்றார்.

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எனக்கும்தான். முப்பத்தெட்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்தேன். இரண்டில் எதைச் சொல்லியிருப்பார் என்று எவ்வளவு யோசித்தும் சொல்ல முடியவில்லை. தெரியாது என்றேன்.

அந்தப் படிவத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. கையெழுத்து தெளிவாக, கோட்டின் மேல் நேராக இருக்கிறது.